அறை எத்தனை என்று கிணறு சொல்லட்டும்

போன வருஷம் ஆனி மாதம் ஒரு காலையில் முல்லைக் கொல்லையில் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நெடுந்தீவிலிருந்து தம்பி. கூடப் பிறந்தவர் இல்லை. 1990இல் சண்டைக்குப் பயந்து படகேறி இந்தக் கரைக்கு வந்து, பல வருஷம் எங்கள் கொல்லையில் என்னோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தவர். 2010இல் ஊர் திரும்பிவிட்டார்.

"அண்ணை, கனடாவில இருக்கிற எங்கட பெரியண்ணை, தீவில எங்கட பழைய வளவில ஒரு விடுதி கட்டப் போறார். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற விடுதி எண்டு சொல்லுறார். படம் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ. மரக்கறித் தோட்டம் எப்பிடிப் போடுறது எண்டு நீங்கள்தான் சொல்லித் தரவேணும்."

வாட்ஸப்பில் படம் வந்தது. அழகான படம்தான். 20 அறைகள், எல்லாவற்றிலும் குளிர்சாதனம். கடலைப் பார்த்தபடி நீச்சல் குளம். சுற்றிலும் புல்தரை. கூரை முழுக்க சூரிய ஒளித் தகடுகள். ஒரு மூலையில் பச்சை வண்ணம் அடித்து 'இயற்கைத் தோட்டம், 2 ஏக்கர்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே சின்ன வட்டம் போட்டு, 'ஆழ்துளைக் கிணறு, 100 அடி'.

அந்த வட்டத்திலேயே என் கண் நின்றுபோச்சு. அது ஏன் என்று விளங்க, என் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். மணல் பூமி. கோடையிலும் ஏழெட்டு அடியில் நல்ல தண்ணி ஊறும். குட்டைக்குள் இறங்கி, ரெண்டு கையிலும் குடம் முகந்து ஊற்றித்தான் அப்பா காலத்தில் புகையிலையும் முல்லையும் வளர்ந்தன. எங்கள் மாவட்டத்தில் இறால் பண்ணைகளால் நிலமும் தண்ணியும் உப்பாகிறது என்று ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது கை தட்டினவர்களில் நானும் ஒருத்தன். ரெண்டு வருஷம் கழித்து அதே வேலையை என் சொந்தச் செலவில் நானே செய்தேன். 40 அடிக்குக் குழாய் இறக்கி, 5 குதிரைசக்தி மோட்டார் வைத்தேன்.

முதல் ரெண்டு கோடை அமோகம். மூன்றாவது கோடையில் முல்லை இலையின் ஓரம் கருக ஆரம்பித்தது. சத்துக் குறைச்சல் என்று நினைத்து இன்னும் ரெண்டு மூட்டை யூரியா போட்டேன். (அப்போ நான் இயற்கை விவசாயி இல்லை.) தண்ணியை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே ஒரு மாசம் ஆச்சு. உப்பு.

என் தண்ணி போனது போகட்டும். பக்கத்துக் கொல்லை பெரியப்பாவின் குட்டையும் போய்விட்டது. அவர் மோட்டாரே வைக்காதவர். அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு எதற்காக வந்தாலும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார். "வேணாம்ப்பா, இப்பத்தான் குடிச்சேன்" என்பார். கண்ணை மூடுகிறவரைக்கும் அப்படித்தான்.

சுனாமிக்குப் பிறகு உப்பேறிய வயல்களை மீட்க நம்மாழ்வார் ஐயா நாகை மாவட்டத்தில் ஊர் ஊராக வந்தார். அந்தக் காலத்தில்தான் நானும் மாறினேன். மோட்டாரைக் கழற்றி விற்றேன். மழைத் தண்ணி நிற்க ரெண்டு பெரிய குட்டை வெட்டினேன். வருஷா வருஷம் தக்கைப்பூண்டு போட்டு மடக்கினேன். தண்ணி திரும்ப இனிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. பெரியப்பா அதைப் பார்க்க இல்லை.

மோட்டார் இறக்கின அன்றைக்கு எனக்குக் குழாய் பிடித்துக் கொடுத்தவர் இந்தத் தம்பிதான். அதைப் போனில் ஞாபகப்படுத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணை, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறீங்களோ?" என்றார்.

கல்லும் தண்ணியும்

ஆவணியில் போனேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. அங்கிருந்து யாழ்ப்பாணம். பிறகு பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் துறைக்கு பஸ். அங்கிருந்து ஒரு மணி நேரம் படகு. அரிசி மூட்டை, சிமெண்ட், கோழித்தீவனம், பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லாம் ஒரே படகில். தீவுக்கு எது வருவதானாலும் இப்படித்தான் வந்தாக வேண்டும் என்பது ஏறின உடனேயே புரிந்துபோகும்.

நெடுந்தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கல். மேல்மண் பல இடத்தில் ஒரு சாண்கூட இருக்காது. வளவுகளுக்கு வேலி முள்ளோ கம்பியோ இல்லை. சாந்து வைக்காமல் பவளக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். காற்று போகும், மண் போகாது. பனை நிறைய. போர்த்துக்கீசியர் காலத்தில் வந்ததாகச் சொல்லும் குதிரைகளின் வாரிசுகள் இன்னும் காட்டுக் குதிரையாகத் திரிகின்றன. தண்ணியைத் தேடி அவை கோடையில் படுகிற பாடு, விவசாயி கண்ணால் பார்க்க முடியாது.

தம்பியின் வளவு கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. உள்ளே ஒரு பழைய கிணறு. அதிலிருந்து 60 எட்டு வைத்தால் பக்கத்து வளவு ஆச்சியின் கிணறு. ஆச்சிக்கு எண்பது வயசு இருக்கும். அந்தச் சுற்றில் அஞ்சு வீட்டுக்குக் கோடையில் குடிதண்ணி அவர் கிணற்றில்தான்.

இந்தத் தீவுக் கிணறுகளில் தண்ணி எப்படி நிற்கிறது என்று கடற்கரை விவசாயிகள் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. கீழே ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணிமேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணி 1,000 கிராம் என்றால் கடல் தண்ணி சுமார் 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம்தான் தீவில் மனுஷன் வாழ்வதற்குக் காரணம். கடலில் மிதக்கிற கட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கொஞ்சம் தெரியும், மீதி அமிழ்ந்திருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணி இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. கல்லில் பொந்தும் வெடிப்பும் இருப்பதால் நிஜத்தில் ரெண்டு தண்ணியும் கலந்து, நல்ல தண்ணி அதைவிட மெலிசாகவே இருக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே அரை அடி இறங்குகிற அளவுக்கு இறைத்தால், கீழே உப்பு 20 அடி ஏறி வரப் பார்க்கும். ஏறினது லேசில் இறங்காது. 100 அடிக்குக் குழாய் போட்டால் நேராகக் கடலையே உறிஞ்சுவீர்கள்.

இதை வாயால் சொன்னால் கனடா அண்ணன் நம்ப மாட்டார் என்றார் தம்பி. அதனால் செய்தே பார்த்தோம். நான் டி.டி.எஸ். மீட்டர் கொண்டுபோயிருந்தேன். காலையில் தம்பியின் கிணறு 1,400 காட்டியது. ஆச்சியின் கிணறு 620. கயிற்றில் கல்லைக் கட்டி ரெண்டு கிணற்றிலும் தண்ணி மட்டத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டோம். ஒரு மண்ணெண்ணெய்ப் பம்பை இரவல் வாங்கி மூன்று மணி நேரம் ஓட்டினோம். வீணாகக் கூடாது என்று ஓடின தண்ணியைத் தொட்டிகளில் பிடித்து மாட்டுக்கும் குதிரைக்கும் விட்டோம்.

மூன்று மணி நேரத்தில் தம்பியின் கிணறு ஒன்றேகால் அடி இறங்கி, மீட்டர் 2,300 காட்டியது. ஆச்சியின் கிணற்றில் மூன்று விரற்கடை குறைந்திருந்தது. 60 எட்டு தூரத்தில், யாரும் தொடாத கிணற்றில்.

ஆச்சி கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். அவருக்கு மீட்டர் தேவைப்படவில்லை.

"தம்பி, உங்கட ஆக்கள் வந்து குளிச்சிட்டுப் போயிடுவினம். நாங்கள் எங்க போறது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பெரியப்பா முகம்தான் வந்து நின்றது.

கூரையிலிருந்து ஒரு கணக்கு

அன்று ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நானும் தம்பியும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வழக்கமான கடற்கரை விடுதியில் ஒரு விருந்தாளிக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர் என்பது தாராளமாகப் போகும். 20 அறை என்றால் 40 பேர். 12,000 லிட்டர். நீச்சல் குளம் 10 மீட்டருக்கு 5 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் நிரப்ப மட்டும் 75,000 லிட்டர். அதற்குமேல் ஒவ்வொரு நாளும் வெயில் ஒரு 250 லிட்டரைக் குடித்துவிடும். புல்தரைக்குத் தனி. ஆச்சி கிணற்றில் அஞ்சு வீடும் சேர்ந்து எடுப்பது நாளைக்கு ஐம்பது குடம், அதாவது 750 லிட்டர்.

கிணற்றை விருந்தாளிகளுக்குத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டு திரும்பக் கணக்குப் போட்டோம். மிச்சம் இருப்பது மழை. மழை முக்கால்வாசி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு எட்டு மாசம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். மோசமான வருஷத்தை மனசில் வைத்து 800 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். சிந்தியது சிதறியது போக நூற்றுக்கு 80 கைக்கு வரும். 300 சதுர மீட்டர் கூரை இருந்தால் 1,92,000 லிட்டர்.

300 சதுர மீட்டர் கூரைக்கு எத்தனை அறை? திண்ணையோடு சேர்த்து ஒரு அறைக்கு 35 சதுர மீட்டர், சமையற்கட்டும் சாப்பாட்டுக் கூடமும் 90. ஆறு அறை. ஆறு அறைக்கு 12 பேர். வாளித் தண்ணிக் குளியல், தண்ணி ஊற்றாத கக்கூஸ் என்றால் தலைக்கு 80 லிட்டரில் முடிக்கலாம். வெயில் காலம் 240 நாளும் அறைகள் பாதி நிறைந்திருந்தால் 1,15,200 லிட்டர் செலவு. அறைக்கு அடியிலேயே 5 மீட்டருக்கு 4 மீட்டர், 1 மீட்டர் உயரத்தில் தொட்டி கட்டினால் ஒவ்வொன்றிலும் 20,000 லிட்டர் நிற்கும். ஆறு அறைக்கு 1,20,000. கணக்கு நேராக வந்தது. ஏழாவது அறைக்கு இடம் இல்லை. எல்லா அறையும் எல்லா நாளும் நிறைந்தால் தண்ணி காணாது. ஆடி, ஆவணியில் விடுதியை மூடித்தான் ஆக வேண்டும்.

குடிக்கிற தண்ணிக்குச் சமையற்கட்டின் ஓட்டுக்கூரை. குளிக்க, கழுவ ஓலைக்கூரைத் தண்ணி. முதல் ரெண்டு மழையை உள்ளே விடாமல் வெளியே தள்ளணும். கரியும் மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி. தொட்டியின் வாய்க்குக் கொசுவலை கட்டாயம். இல்லாவிட்டால் விடுதியோடு சேர்த்து டெங்குவையும் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

"ஆறு அறைக்கு ஆர் அண்ணை காசு குடுப்பினம்?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

இதற்கு என் மகள் ஒரு பதில் தேடி வைத்திருந்தாள். ஆப்பிரிக்காவில் சான்சிபார் நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் சும்பே என்று ஒரு குட்டித் தீவு. ஒரு கிலோமீட்டர் நீளம்தான். நிலத்தடித் தண்ணியே கிடையாது. பழைய கலங்கரை விளக்கத்தைத் தவிர அங்கே பெரிசாக ஒன்றும் இருந்ததில்லை. சிபில் ரீட்மில்லர் என்கிற ஜெர்மன்காரப் பெண்மணி முயற்சி எடுத்து, அந்தத் தீவின் பவளப்பாறை 1994இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் விடுதி திறந்தார்கள். மொத்தமே ஏழு குடில். கூரையில் விழுகிற மழை வடிகட்டி வழியாகக் குடிலின் அடியில் இருக்கிற தொட்டிக்குப் போகிறது. கக்கூஸ் எல்லாம் மட்கு கக்கூஸ். குளித்த தண்ணி செடிப் பாத்திகளில் வடிந்து சுத்தமாகிறது. மின்சாரம் சூரியனிடமிருந்து. குளிர்சாதனம் இல்லை, கடற்காற்று உள்ளே வருகிற மாதிரி கட்டடத்தை அமைத்திருக்கிறார்கள். முன்னாடி அங்கே மீன் பிடித்தவர்களையே பவளப்பாறைக்குக் காவலாளிகளாகப் பழக்கி வேலைக்கு வைத்தார்கள். விருந்தாளிகள் கொடுக்கிற பணத்தில்தான் காவலும் நடக்கிறது, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பவளப்பாறையைக் காட்டுவதும் நடக்கிறது. நீச்சல் குளம் இல்லை, டிவி இல்லை என்று தெரிந்தே, அதற்காகவே கூடக் காசு கொடுத்து ஆட்கள் போகிறார்கள்.

நெடுந்தீவு சும்பே இல்லை. இங்கே ஊர் இருக்கிறது, ஜனம் இருக்கிறது, கிணறு இருக்கிறது. அதனால் இங்கே இன்னும் அதிகக் கவனம் தேவை என்றுதான் எனக்குப் பட்டது.

எல்லாரும் மூக்கைப் பிடித்த விஷயம்

கக்கூஸ் பேச்சை எடுத்ததும் தம்பியின் வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரம் வேறு.

ஆனால் தண்ணிக் கணக்குக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம். கரிசல் மண்ணிலோ வண்டல் மண்ணிலோ குழிக் கக்கூஸ் வைத்தால் மண் கொஞ்சமாவது வடிகட்டும். சுண்ணாம்புக் கல்லில் பொந்து வழியாக நேராகக் கிணற்றுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைட்ரேட் கூடிப்போனதற்கு உரமும் குழிக் கக்கூஸும் காரணம் என்று அங்கே விவரம் தெரிந்தவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 12 விருந்தாளியின் கழிவு ஆச்சி கிணற்றுக்கு 60 எட்டு தூரத்தில் இறங்கினால், உப்பே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

நம் முசிறியில் இதற்கு வழி ஏற்கெனவே செய்து காட்டியாச்சு. ரெண்டு அறை உள்ள மட்கு கக்கூஸ். மலம் ஒரு துளையில், சிறுநீர் ஒரு துளையில், கழுவுகிற தண்ணி ஒரு துளையில். போய்வந்ததும் ஒரு கை சாம்பல். ஒரு அறை நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறிக்கொள்வது. ஒரு வருஷம் மூடிக் கிடந்தால் மண் வாசனையோடு எரு கிடைக்கும். அடுப்பில் பனை மட்டை எரிகிற ஊரில் சாம்பலுக்கு என்ன பஞ்சம்? அந்த எருவைக் கீரைக்குப் போட வேண்டாம், மரத்துக்குப் போடலாம். சிறுநீரை ஒன்றுக்குப் பத்து தண்ணி கலந்து வாழைக்கும் முருங்கைக்கும் விடலாம். கழுவின தண்ணியும் குளித்த தண்ணியும் அடியில் தார்ப்பாய் விரித்த கல்வாழைப் பாத்திக்கு. தார்ப்பாய் இல்லாமல் விட்டால் சோப்பு கிணற்றுக்குப் போகும்.

நம்ம ஆட்களில் பண்ணைத் தங்கல் நடத்துகிறவர்கள் பலபேர் செப்டிக் டேங்க் கட்டியாச்சு, பிரச்சினை முடிஞ்சுது என்று நினைக்கிறார்கள். அந்த டேங்குக்கு அடித்தளம் போட்டிருக்கிறதா என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

என் தோட்டத்துக்கும் வெட்டு

என்னைக் கூப்பிட்டதே காய்கறித் தோட்டத்துக்கு. அந்த 2 ஏக்கரை நானே படத்திலிருந்து அடித்தேன். ரசாயனம் போடாத கத்தரிக்காய் என்றாலும் வெயில் காலத்தில் அது குடிப்பது அதே ஆச்சி வீட்டுத் தண்ணியைத்தான். சொட்டுநீர் போட்டால் மட்டும் நியாயம் ஆகிவிடாது.

அதற்குப் பதிலாக மாரிகாலத் தோட்டம் மட்டும் கால் ஏக்கரில். குரக்கன், சாமை, பயறு, பூசணி, மரவள்ளி. நிரந்தரத்துக்கு முருங்கை, கறிவேப்பிலை, குளியல் தண்ணியில் வாழை. வெயில் காலத்தில் பனை சாப்பாடு போடும். ஒடியல் மாவு, புழுக்கொடியல், பினாட்டு. கரையில் பிடிக்கிற மீனும் நண்டும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினால் கனடாவிலிருந்து வருகிற பிள்ளைகள் நீச்சல் குளத்தைக் கேட்க மாட்டார்கள். அன்றைக்குத் தம்பியின் வீட்டுக்காரம்மா காய்ச்சிக் கொடுத்ததை நான் மூன்று தரம் வாங்கிக் குடித்தேன். உறைப்பில் கண்ணில் தண்ணி வந்தது.

கரையில் சாதாளை குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடந்தது. படம் வரைந்தவர் அதையெல்லாம் தினமும் கூட்டி அள்ள ஆள் போட்டிருந்தார். சாதாளைதான் மணலை அலை அரிக்காமல் பிடிக்கிறது. தீவு ஆட்கள் அதைத் தென்னைக்கு எருவாகப் போட்டவர்கள். ஒரு மழையில் நனையவிட்டு உப்பைக் கழித்துவிட்டு, மரத்தடி மூடாக்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்தால் போதும். அதேபோல அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருக்கிற மணல் மேட்டை மட்டப்படுத்தக் கூடாது. சுனாமியிலும் கஜாவிலும் மணல் மேடு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கைச் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். அனுமதி வாங்காமல் ஒரு கல் வைக்க முடியாது. நாங்கள் கட்டடத்தை வளவின் பின்பக்கம், பனை நிழலுக்குத் தள்ளினோம். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

கரைப் பக்கம் ராத்திரி விளக்கு வேண்டாம் என்றும் எழுதினோம். கோடியக்கரையில் ஆமைக்குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி நிலத்துப் பக்கம் ஏறி வருவதை நான் பார்த்திருக்கிறேன். சும்பேயிலும் பாதைகளில் விளக்கு வைக்காமல் விருந்தாளி கையில் டார்ச் கொடுத்துவிடுகிறார்களாம்.

குதிரைகள் தண்ணிக்குப் போகிற தடம் வளவின் ஒரு ஓரத்தைத் தொட்டுப் போகிறது. அந்த இடத்தில் மதிலைத் திறந்தே விடுவது. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி விற்பதில்லை. படகில் வந்த குப்பை படகிலேயே திரும்பிப் போக வேண்டும், அதற்கான கூலியை அறை வாடகையில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கனடாவிலிருந்து ஒரு குரல்

மூன்றாம் நாள் ராத்திரி கனடா அண்ணனோடு வீடியோவில் பேசினோம். முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். ஆறு அறை என்றதும் குரல் மாறியது.

"ஐயா, நான் வீட்டை அடகு வைச்சுக் காசு எடுத்திருக்கிறன். ஆறு அறையில வட்டி கட்டேலாது. கடலைச் சுத்தி வைச்சுக்கொண்டு தண்ணி இல்லையெண்டு சொல்லுறீங்கள். கடல்தண்ணியைச் சுத்திகரிக்கிற மெஷின் போடுவம்."

போடலாம்தான். அதற்கு மின்சாரம் வேண்டும், வடிகட்டிச் சவ்வு மாற்ற ஆள் வேண்டும், மிஞ்சுகிற கெட்டி உப்புத் தண்ணியைக் கொட்ட இடம் வேண்டும். அதைக் கிணற்றுப் பக்கம் கொட்டினால் கதை முடிந்தது. பவளப்பாறைமேல் கொட்டினால் விருந்தாளி எதைப் பார்க்க வந்தாரோ அது முடிந்தது. இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷம் குளிரில் உழைத்துச் சேர்த்த காசை ஊரில் கொண்டுவந்து போட நினைக்கிறவர்.

கடைசியில் பெரியப்பா கதையைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தம்பி குறுக்கே வந்து, "அண்ணை, அந்தக் குழாயை நான்தான் பிடிச்சுக் குடுத்தனான். அந்த ஐயாவை எனக்குத் தெரியும்" என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு போய் ஆச்சியின் கிணற்றைக் காட்டினார். கனடா அண்ணன் சின்ன வயசில் அந்தக் கிணற்றில்தான் துலா மிதித்தாராம். யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

முடிவாக வந்தது இது. கடனில் பாதியைத் திருப்பிக் கட்டிவிட்டு, முதலில் ரெண்டு அறை, ரெண்டு தொட்டி. ரெண்டு மாரி பார்ப்பது. ஆச்சி கிணற்றின் உள்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் விருந்தாளி எடுப்பதில்லை. கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பதை ஆச்சியே கை நீட்டிக் காட்டினார். மட்கு கக்கூஸ் ஒரு அறைக்கு மட்டும். இன்னொன்றுக்கு அடித்தளம் போட்ட மூடிய தொட்டி. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நிரம்பினால் அள்ளிக்கொண்டு போக அந்தத் தீவுக்கு எந்த லாரி வரும்?

போன கார்த்திகையில் தம்பி ஒரு படம் அனுப்பினார். ஒரு அறைக்கு ஓலை வேய்ந்தாச்சு. தொட்டியில் அளவுகோலை விட்டு எடுத்த படம்: ரெண்டரை அடி தண்ணி. கூடவே ஒரு குரல் செய்தி.

"அண்ணை, ஆச்சி வந்து ஒரு செம்பு வாங்கிக் குடிச்சுப் பாத்தவா. ஓலை மணக்குதாம். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் கரி போடட்டாம்."